உங்களுக்குத் தெரியுமா? கப்பல் மணியும் கரை மணியும்

சமுத்திர யாத்திரை செல்லும் உல்லாசக் கப்பலில் நேரம் என்பது கப்பல் தலைவரின் ஆணைக்கு உட்பட்டது. கரையில் எந்த மணி வழங்கினாலும், கப்பலுக்குள் அவர் அறிவித்த மணியே பிரமாணம். சிங்கப்பூர் நேரத்தை மாற்றாமலே ஒரு கப்பல் நம் கரைக்கு வருமானால், அதன் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி நிற்கும். "மாலை 5 மணிக்குள் திரும்புக" என்ற அறிவிப்புக்கு இங்கே பிற்பகல் 2.30 என்று அர்த்தம். கைப்பேசியோ கரையில் இறங்கிய மாத்திரத்தில் உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளக்கூடியது. பழைய கைக்கடிகாரமே இவ்விஷயத்தில் உத்தமம்.

2025 ஜூலையில் சென்னை, விசாகப்பட்டினம் வழியே புதுச்சேரி வந்த கார்டிலியா கப்பலுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எங்கும் ஒரே இந்திய நேரம். ஆயினும், கப்பல் கடலில் நங்கூரமிட, பயணிகள் படகேறிக் கரை சேர வேண்டியிருந்தபடியால், இத்தகைய பயணத்தில் கணக்கில் கொள்ளத்தக்கது கப்பல் புறப்படும் நேரமன்று, கடைசிப் படகின் நேரமே. புதுச்சேரிப் பகுதியிலுள்ள வில்லியனூர் திருக்காமீசுவரரையும் பாகூர் மூலநாதரையும் ஒரே பகலில் தரிசிக்க விரும்புவோர், நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும் கோயில் வழக்கத்தையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடிகார வேறுபாட்டைக் காணத் தொலைதூரம் போக வேண்டியதில்லை: அண்டையிலுள்ள இலங்கையிலேயே 1996 முதல் 2006 வரை கடிகாரம் நம்மைவிட முந்தி ஓடியது; பெரும்பகுதிக் காலம் அரை மணி. சூரியனைக் கேட்டாலோ, வில்லியனூரின் உச்சிவேளை சராசரியாக 12 மணி 11 நிமிஷத்துக்குத்தான்!