மீக்கடத்தியை ஆட்டிவைக்கும் அடுக்கு

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் அடியில் பொருத்தும் எக்கோ சவுண்டருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கும். மின்துடிப்பை ஒலியாக்கிக் கடலுக்குள் அனுப்புவதும், எதிரொலியை மறுபடி மின்சாரமாக்குவதும் அதன் வேலை. பெரும்பாலும் அது பி.இசட்.டி. எனப்படும் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட். மீனைக் காட்டும் இந்தப் பொருள் மீக்கடத்தியையும் ஆட்டிவைக்கும்.

பி.இசட்.டி. ஒரு ஃபெர்ரோமின் பொருள். அதன் படிகத்தில் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த கூண்டுக்குள் டைட்டானியமோ சிர்க்கோனியமோ இருக்கும். ஆனால் நட்டநடுவில் அல்ல, சற்றே ஒதுங்கி. அதனால் படிகத்தின் ஒரு முகம் நேர்மின்னூட்டமும் எதிர்முகம் எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. இதுவே மின்முனைவு. வோல்டேஜ் கொடுத்தால் அணு மறுபக்கம் நகரும். வோல்டேஜை நிறுத்தினாலும் அங்கேயே தங்கிவிடும்.

இனி மீக்கடத்தி. செம்பு ஆக்சைடு வகைகளில் சில, 90 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்தாலே மின்தடையை முற்றிலும் இழக்கின்றன. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதற்குப் போதும். இவற்றில் மின்சாரத்தைச் சுமப்பவை ‘துளைகள்’, அதாவது எலக்ட்ரான் இல்லாத இடங்கள். அவை மிகவும் குறைந்தால் பொருள் மின்காப்பியாகிவிடும். வழக்கமாக ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்துத் துளைகளின் எண்ணிக்கையை மாற்றுவார்கள். அதில் பொருளின் வேதியியலே மாறிவிடுகிறது.

மீக்கடத்திப் படலத்தின் மேலே ஃபெர்ரோமின் அடுக்கைப் படியவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அதன் எதிர்மின் முகம் படலத்தைத் தொட்டால் துளைகள் சேரும். நேர்மின் முகம் தொட்டால் விலகும். ஆனால் இந்த ஈர்ப்பு ஓரிரு நானோமீட்டர் ஆழத்துக்கு மேல் எட்டாது. எனவே படலமும் அவ்வளவு மெலிதாக வேண்டும்.

1999-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஆன், ஜான்-மார்க் திரிஸ்கோன் குழுவினர் இதைச் செய்தார்கள். கடோலினியம் பேரியம் காப்பர் ஆக்சைடுப் படலம் 2 நானோமீட்டர்; மேலே பி.இசட்.டி. அடுக்கு. முத்துக்கு மினுமினுப்பு தரும் சுண்ணாம்புத் தகடு ஒன்றின் தடிமன் சுமார் அரை மைக்ரோமீட்டர். படலம் அதில் 250-இல் ஒரு பங்கு. மின்முனைவு ஒரு திசையில் இருந்தபோது படலம் மீக்கடத்தியாக நடந்துகொண்டது. திசையை மாற்றியதும் மின்காப்பியாக. 2006-இல் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படலத்தில், அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் வேண்டிய இடத்தில் மட்டும் சாதாரண நிலைக்கும் மீக்கடத்து நிலைக்கும் இடையிலான மாற்றத்தைத் திரிஸ்கோன் குழுவினர் எழுதிக் காட்டினார்கள்.

கடுங்குளிர் தேவைப்படும்வரை இது கடைச்சரக்காகாது. ஆனால் பொருளின் வேதியியலைத் தொடாமல் சுமப்பான்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்க்க, ஆய்வாளர்களுக்கு இது அருமையான கருவி.