திருடன் முதுகைக் காட்டிய பிறகு

2019 ஆகஸ்ட். நெல்லைச் சீமையில் கடையத்தை அடுத்த கல்யாணிபுரம். இரவில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தில், பின்னால் வந்த முகமூடித் திருடர்களில் ஒருவன் துணியைப் போட்டு இறுக்கினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி கையில் கிடைத்த செருப்பை எறிந்தார். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. அரிவாளோடு வந்தவர்களை அந்தத் தம்பதி நாற்காலியாலேயே விரட்டியதை சி.சி.டி.வி.யில் நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று அரசு விருதும் கொடுத்தது.

அந்த அடியில் ஒருவன் செத்திருந்தால்?

அப்போதும் சட்டம் அவர்கள் பக்கம்தான். தற்காப்பு உரிமையைச் சொல்லும் பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அல்லது பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு என்றால், தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் போகலாம். கொள்ளைக்கும், பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவதற்கும் இதே உரிமை உண்டு.

ஆனால் ஆபத்து தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்ந்துவிடும். நம் ஊர்களில் பலரும் சறுக்குவது இங்கேதான். பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப்போய் முதுகில் வெட்டுவதும், பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பதும் தற்காப்பு ஆகாது. அடிபட்டவன் செத்தால் அது கொலை வழக்கு. நல்லெண்ணத்தோடு தற்காக்கும்போது எல்லை மீறியிருந்தால் கொலையாகாத மரணம் என்று குறையலாம். அதற்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை, சமயத்தில் ஆயுள்கூட உண்டு.

2012இல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவரை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயை, தற்காப்புப் பிரிவைக் காட்டிக் காவல்துறையே விடுவித்தது. எல்லா ஸ்டேஷனிலும் இதை எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், ஜாமீன் மனு என்றுதான் போகும். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உயிர் பதறும் நேரத்தில் அடித்த அடியைத் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவரும் நிலை.

அதனால் முதல் சில மணி நேரம் முக்கியம். 112க்கு நீங்களே முதலில் அழையுங்கள். சின்னக் கீறலானாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டில்) பதிவு செய்யுங்கள். எதிர்த்தரப்பு கவுன்ட்டர் கேஸ் போட்டால், உங்கள் உடம்பில் இருந்த காயத்துக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.

செலவு தனிக் கதை. வக்கீல் ஃபீஸ், ஜாமீனுக்கு இரண்டு பேர், வாய்தாவுக்கு வாய்தா போகும் கூலி. அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம்; கைக்கு வருவது பிழைப்பூதியம் மட்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் கிடைப்பதும் கடினம். செத்தவரின் வாரிசுகள் சிவில் கோர்ட்டில் இழப்பீடு கேட்கலாம். தற்காப்பு அங்கும் செல்லும், ஆனால் அந்த வழக்கையும் நடத்தியாக வேண்டும். விடுதலையானாலும் இழந்த ஆண்டுகளுக்கு அரசு ஈடு தரும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. இது பெரிய அநீதி. சரியாக நடந்துகொண்டவர் ஏன் நிலத்தை விற்க வேண்டும்?

கையில் பணமில்லாதவர் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காவலில் இருப்பவருக்கும், எந்தப் பெண்ணுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடமே வாய்விட்டுக் கேட்கலாம். வீட்டில் இருப்பவர்கள் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைக்கலாம்.