குரல் அழைப்பான்கள்: முன்னையனவும் பின்னையனவும்

இடுக்கண் நேர்ந்தவிடத்து உதவுவோர் உளராதல் மட்டும் போதாது. உதவி வேண்டுமென்ற செய்தி அவர் செவிக்கு உரிய வேளையிற் சென்று சேர்தலும் வேண்டும். தீப்பற்றிய வீட்டில் வீணே கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குக் கேடு செய்வதாகலின், தீயணைப்போரை அழைக்கும் கருவி தீயணைக்கும் கருவியினுஞ் சிறப்பிற் குறைந்ததன்று. அவ்வாறு அழைப்பனவற்றுள் ஒன்றாகிய, 'பேஜர்' எனப்படும் குரல் அழைப்பானின் பழைய வகையையும் புதிய வகையையும் ஈண்டு ஒப்புநோக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தீயணைப்போரிற் பெரும்பாலோர் தொண்டர்கள். உழவும் வணிகமும் ஆசிரியத் தொழிலும் புரிவோராகிய இவர்களை முற்காலத்தில் ஊர்ச் சங்கொலியே அழைத்தது. சங்கொலி தீயுண்டென்று கூறுமேயன்றி, எங்கே என்று கூறாது. இக்குறையை நீக்க வந்தவையே குரல் வாங்கிகள். நெபிறாஸ்கா மாநிலத்து ஓவட்டன் என்னுஞ் சிற்றூரிற் செய்யப்பட்ட பிளெக்றன் வாங்கி வீட்டு மேசையில் இருந்து செய்தி உரைத்தது. பின்னர் மோட்டோறோலா நிறுவனத்தாரின் மினிற்றர் இடுப்புவாரிலே தொங்கி, தொண்டர் செல்லுமிடமெல்லாம் உடன் சென்றது.

இக்கருவி பிறருக்குரிய அழைப்பை விடுத்துத் தனக்குரியதற்கு மட்டும் வாய்திறப்பது எவ்வாறு? அழைப்பு நிலையம் முதலில் இரு தொனிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். முதலாவது ஏறக்குறைய 1 செக்கனும், இரண்டாவது 3 செக்கனும் ஒலிக்கும். முற்காலக் கருவிகள் பலவற்றில் அத்தொனிகளுக்கேற்ப அமைந்த சிறு உலோக நாக்குகள் இருந்தன. பௌதிகம் பயிலும் மாணவர், சுரமானிக் கம்பியும் இசைக்கவையும் ஒரே மீடிறனை அடையுங்கால், கம்பிமேல் வைத்த கடதாசித் துண்டு துள்ளி விழக் கண்டிருப்பர். அப்பரிவே இங்கும் நிகழ்கின்றது. உரிய இரு தொனிகளும் முறைப்படி வந்தால் மட்டுமே ஒலிபெருக்கி திறக்கும். எச்சரிக்கை ஒலியை அடுத்து அழைப்பாளர் குரல் கேட்கும்.

பழைய கருவி வாங்கும் மீடிறனை அதனுள் வைத்த பளிங்கு அறுதியிட்டது. மீடிறனை மாற்ற வேண்டின் பளிங்கையே மாற்றுதல் வேண்டும். தொண்டர் குளியலறையிலோ இரைச்சல் மிக்க பட்டறையிலோ இருந்து செய்தியைத் தவறவிட்டால், பல கருவிகளில் அதனை மீளக் கேட்க வழியில்லை. எனினும் குமிழ்கள் சிலவே. இருளிலும் தடவி அறிந்து இயக்கலாம்.

பிற்காலக் கருவிகளில் மீடிறனும் தொனியும் கணினி கொண்டு பதிக்கப்படுகின்றன. ஆறாம் மினிற்றர் ஐந்து அலைவழிகளை ஏற்கும். 16 நிமிடம் வரை குரலைப் பதிந்து வைக்கும். ஒலியின்றி அதிர்ந்தும் அழைக்கும். இவற்றுள் குரற்பதிவே பெரும்பேறென்பது எமது கருத்து. நள்ளிரவிலே துயில் கலைந்து எழுவோன் வீதியின் பெயரைத் தவறாகக் கேட்பது எளிது. மீண்டுமொருமுறை கேட்க முடிந்தால், தீயணைப்பு வண்டி வேறு தெருவுக்குச் செல்லாது காக்கலாமன்றோ?

பழையன கைவிடப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. வானலைகளில் இடநெருக்கடி மிகுந்தமையால், 150 முதல் 174 மெகாஹேட்சு வரையான பட்டையில் இயங்கிய நிலையங்களிற் பெரும்பாலானவை 2013 சனவரி 1ஆந் திகதிக்குள் அலைவழியின் அகலத்தை 25 கிலோஹேட்சிலிருந்து 12.5 கிலோஹேட்சாகக் குறைக்க வேண்டுமென அந்நாட்டுக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் விதித்தது. அகன்ற அலைக்கென அமைந்த பழைய வாங்கி ஒடுங்கிய அலையைப் பெறுங்கால் குரல் மெலிந்து கேட்கும். அயல் அலைவழியின் குறுக்கீடும் புகும். பழுதின்றி இயங்கிய கருவிகளும் இவ்வாறு பயன் குன்றின.

இவற்றுக்கும் அப்பால், புறொஜெக்ற் 25 எனும் நியமத்தைத் தழுவிய இலக்கமுறைக் குரலை வாங்கும் யூனிக்கேசன் ஜி5 போன்ற கருவிகளும் வந்துள்ளன. பழைய முறையில் அலை நலிய நலிய இரைச்சல் மிகும். ஆயினும் பழகிய செவி இரைச்சலினூடே சொல்லைப் பிரித்தறியும். இலக்கமுறையிலோ குரல் எல்லைவரை தெளிவாயிருந்து, எல்லை கடந்ததும் சிதைந்து அற்றுப்போகும். முன்னறிகுறி குறைவாதலின், தொண்டர் உறங்கும் அறையிலும் தொழில் செய்யும் இடத்திலும் கருவியைச் சோதித்த பின்னரே அதனை நம்புதல் தகும்.

கைத்தொலைபேசி இருக்க இக்கருவி எதற்கென வினவுவோரும் உளர். தொலைபேசி வலை ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடி அழைக்கின்றது. பெருவிபத்து நேருங்கால் அவ்வலை நெரிசலுற்றுத் திணறும். அழைப்பானோ வாங்குவதன்றி அனுப்புவதில்லை. ஒரு கோபுரம் ஒருமுறை கூறியதை எல்லை முழுவதிலுமுள்ள கருவிகள் ஒருங்கே கேட்கும். பத்துப்பேர் கேட்பினும் ஆயிரம்பேர் கேட்பினும் நெரிசல் இல்லை. ஆகவே தொலைபேசியைத் துணையாகக் கொள்ளலாம். தனிநம்பிக்கையாகக் கொள்ளுதல் ஏற்றதன்று.

தொகுத்து நோக்கின், பழையவற்றின் சிறப்பு எளிமை. புதியவற்றின் சிறப்பு நினைவாற்றலும் நெகிழ்ச்சியும். எதனைக் கொள்ளினும் மின்கலம் உரிய காலத்தில் ஏற்றப்படல் வேண்டும்; நாள்தோறும் சோதனைத் தொனி அனுப்பப்படல் வேண்டும்; அது கேளாதவிடத்துக் கருவி உடனே திருத்தப்படல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் எம் இளையோர் கருவிகளை ஆக்குங்கால், மறுமுனையில் உதவிக்குக் காத்திருக்கும் ஓர் உயிர் உண்டென்பதை மறவாதிருப்பாராக.