எல்லைக்கோடும் மருந்துச் சீட்டும்

நம் பிள்ளைகள் பலர் செவிலியராய்ப் பணிபுரியும் பிரிட்டனில், 1948-இல் தோன்றிய தேசிய மருத்துவப் பணி எல்லோருக்கும் ஒன்றே என்று எண்ணுகிறோம். மருந்துச் சீட்டிலோ அவ்வொருமை இல்லை. வேல்ஸ் 2007-இலும், வட அயர்லாந்து 2010-இலும், ஸ்காட்லாந்து 2011-இலும் மருந்துக் கட்டணத்தை ஒழித்தன. இங்கிலாந்தில் அது 2024-இல் மருந்தொன்றுக்கு 9 பவுன் 90 பென்சாக உயர்ந்தது.

சிறுவர், முதியோர், கருவுற்ற தாய்மார், வறியோர் ஆகியோருக்கு அங்கும் விலக்குண்டு, அது நன்றே. நோயாளருக்கான விலக்குப் பட்டியல்தான் வியப்பூட்டுகிறது. 1968-இல் வகுத்த அதில் 2009-இல் புற்றுநோய் சேர்ந்தது. ஆஸ்துமா இன்றளவும் சேரவில்லை. நோயுற்றோரைப் பேணுவதை இரக்கச் செயலாகப் போற்றும் நமக்கு இது நெருடுகிறது.

வறியோர் வரம்பைச் சற்றே கடந்த வருவாயுள்ள ஆஸ்துமாக்காரர் ரெக்ஸம் நகரில் வாழ்ந்தால் கட்டணமில்லை. சுமார் 12 மைல் தள்ளி, இங்கிலாந்தின் செஸ்டரில் வாழ்ந்தால், இரண்டு மருந்துகளில் எதை இம்மாதம் வாங்குவதென்று கடை வாயிலில் நின்று கணக்கிட வேண்டும்.