மறைக்காத கணக்கு



பக்கவாதத்தால் வாய் கோணி, பேச்சிழந்து கிடப்பவரின் கட்டிலருகே நாங்கள் உட்காரும்போது, வீட்டார் கேட்பது ஒன்றே: "ஐயா, இதற்குப் புது மருந்து ஏதும் வந்திருக்கிறதா?" அப்படி ஒரு மருந்து மனிதருக்கு வருமுன், எலிகளிடமும் குரங்குகளிடமும் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையின் கணக்கு நேர்மையாக எழுதப்படுகிறதா என்பது நோயாளியையும் பாதிக்கும் காரியம்.

என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து விலங்குகளின் மூளையைப் பக்கவாதச் சேதத்திலிருந்து காத்ததாக அறிக்கைகள் கூறின. ஆனால் 3,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அது பலனளிக்கவில்லை என்று 2006-இல் தெரிந்தது. பின்பு 2008-இல் பழைய விலங்குச் சோதனைகளைத் திரும்பவும் ஆராய்ந்தார்கள். எந்த விலங்குக்கு மருந்து, எதற்கு மருந்தில்லை என்று குலுக்கல் முறையில் பிரித்த சோதனைகளில் பலன் குறைவாகவே இருந்தது. அப்படிப் பிரித்ததாகச் சொல்லாதவற்றில் மிகுதியாகத் தெரிந்தது.

ஆராய்ச்சியாளர் பொய் சொன்னார் என்பதல்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? சுறுசுறுப்பான எலி, அறியாமலே மருந்துக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். மருந்து பெற்றது எது என்று தெரிந்தால், கண்ணும் விரும்பியதையே காணும்.

2009-இல் பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகளைப் பற்றிய 271 கட்டுரைகளைப் பரிசோதித்தபோது, 87 சதவீதத்தில் குலுக்கல் முறை பற்றிய பேச்சே இல்லை. ஆகவே பிரிட்டனின் தேசிய மையம் ஒன்று 2010-இல் 'அரைவ்' என்ற நெறிமுறைகளை வெளியிட்டது. 2020-இல் அவை திருத்தப்பட்டு, 10 விவரங்கள் முதன்மையாக்கப்பட்டன. எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை, எவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன, மதிப்பிட்டவருக்கு விவரம் மறைக்கப்பட்டதா என்பவை அவற்றில் சில.

இன்னொரு குறையும் உண்டு. தோற்ற சோதனை மேஜை அறைக்குள் கிடந்தால், வேறொருவர் அதையே மறுபடியும் செய்வார். விலங்குகள் வீணாய் மடியும். இதைத் தடுக்க, சோதனைத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் ஏடு ஒன்றை ஜெர்மனியின் அரசு நிறுவனம் 2019-இல் தொடங்கியது.

நண்பர்களே, எந்த ஆராய்ச்சிக்காவது நீங்கள் நன்கொடை கொடுத்தால், இந்த ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "பலனில்லாமற்போன சோதனைகளையும் வெளியிடுவீர்களா?" வாயில்லா ஜீவன்களுக்கும் கட்டிலில் காத்திருப்பவர்களுக்கும் அந்தப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.