“நாயைக் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்!”

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம். ஜூலை மாதம், மதியம் இரண்டு மணி. வீடு மாறிக்கொண்டிருந்த என் தங்கையோடு, அவள் சாமான்களைப் போட்டு வைத்திருந்த ஸ்டோரேஜ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பின் சீட்டில் அவளுடைய லேப்ரடார் உட்கார்ந்திருந்தது. அலுவலகக் கதவில் ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவர் கனிவாகத்தான் சொன்னார்: “நாயைக் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், ஐந்து நிமிடம்தானே.”

தங்கை காரை விட்டு இறங்கவில்லை. “நீ போய் எடுத்துட்டு வாக்கா. நான் ஏசியைப் போட்டுக்கிட்டு இவனோட உட்கார்ந்திருக்கேன்” என்றாள்.

அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறையின், அதாவது யூனிட்டின், ஷட்டரைத் தூக்கியதும் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நிற்பது போல அனல் அடித்தது. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. நான் தேடிய பெட்டி, கட்டில் சட்டத்துக்கும் தையல் மெஷினுக்கும் பின்னால், நான்கு பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஸ்டோரேஜுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை. தேடிப் போனது கிடைக்காது. கிடைத்ததைப் பிரித்துப் பார்க்காமல் வர மனம் வராது. பழைய ஆல்பம் ஒன்று கண்ணில் பட்டால் அரை மணி நேரம் கரைந்துவிடும். அன்று தங்கை என்னோடு வந்திருந்தாள். தனியாக வருகிறவர், அலுவலகத்தில் சொன்ன யோசனையை நம்பிக் கார்க் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அமெரிக்காவில் ஏறத்தாழ பத்துக் குடும்பங்களில் ஒன்று இப்படி யூனிட் வாடகைக்கு எடுக்கிறது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. நாய் வளர்க்கும் வீடுகள் நூற்றுக்குச் சுமார் 45. ஆகவே நாயோடு வரும் வாடிக்கையாளர் அபூர்வமானவர் அல்லர். அவர் எந்த நிலையில் வருகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு, விவாகரத்து, ஊர் மாற்றம், பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவது: யூனிட் எடுக்க வருகிறவர்களின் காரணங்கள் பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடும் என்று தொழிலில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாளில் நாயை வீட்டில் விட்டு வர முடியாது. வீடே லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. திறந்து கிடக்கும் வாசல் வழியாக நாய் ஓடிவிடும் என்ற பயத்தில்தான் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இவர்களுக்கு நிலையங்கள் மூன்று விதமான பதிலை வைத்திருக்கின்றன. சில இடங்களில் முழுத் தடை. சில இடங்களில் வாரில் பிடித்து வந்தால் அனுமதி. மிச்சமுள்ள இடங்களில் எதுவும் எழுதி வைப்பதில்லை, அன்றைக்கு மேஜையில் யார் இருக்கிறாரோ அவர் சொல்வதே விதி. மூன்றில் மிகப் பாதுகாப்பானது முழுத் தடை என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தடை போட்டால் நாய் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. வாகன நிறுத்தத்தில், பூட்டிய காருக்குள் இருக்கிறது.

பூட்டிய காருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அளந்து காட்டியது. குழந்தைகளைக் காரில் விட்டுச் செல்வதன் ஆபத்தைச் சொல்லச் செய்த ஆய்வு அது. வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த நாளிலும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தால் போதும் என்று நம்புகிறோமே, அதனால் குறிப்பிடும்படியாக எதுவும் குறையவில்லை. ஃப்ரெஸ்னோவில் ஜூலை மாதம் வெளியே 38 டிகிரி என்பது சாதாரண நாள்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வை என்று பெரிதாக எதுவும் இல்லை, பாதத்தில் கொஞ்சம் கசியும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது இரைத்தும் பயனில்லை. 39 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அதன் உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் தாங்கும் நேரம் இன்னும் குறைவு.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான சூட்டிலோ குளிரிலோ வாகனத்தில் விலங்கைத் தனியே விட்டுச் செல்வது 2007 முதல் குற்றம். அப்படித் தவிக்கும் விலங்கைப் பார்த்தால், வேறு வழியில்லாதபோது காவல்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வழிப்போக்கரே கண்ணாடியை உடைத்து அதை வெளியே எடுக்கலாம் என்று 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில், சட்டம் குற்றம் என்று சொல்வதை அலுவலக மேஜையிலிருந்து யோசனையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். நாய் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூடாத நாயை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

முழுத் தடை என்பது உண்மையில் முழுத் தடையும் அல்ல. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பயிற்சி பெற்ற உதவி நாயை வாடிக்கையாளர் செல்லும் இடமெல்லாம் அனுமதித்தே ஆக வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடல்நிலை அல்லது மனநிலைக் குறைபாடு காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? சான்றிதழ் கேட்கக் கூடாது, வேலையைச் செய்துகாட்டச் சொல்லக் கூடாது. நாய் அடங்காமல் திரிந்து, உடன் வந்தவரும் அடக்காமல் இருந்தாலோ, கண்ட இடத்தில் அசுத்தம் செய்தாலோ வெளியேற்றலாம். மன ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் நாய் இந்தச் சட்டத்தில் உதவி நாய் ஆகாது. பொய் சொல்லித் தன் நாயை உதவி நாய் என்று காட்டுவது கலிஃபோர்னியாவில் சிறைவரை போகக்கூடிய குற்றம். ஆக, எவ்வளவு பெரிய தடைப் பலகை வைத்தாலும் அந்த வளாகத்துக்குள் நாய் நடந்துகொண்டுதான் இருக்கும். விதி எழுதாமல் தப்பிக்க வழியில்லை.

நாய்க்குப் பயப்படுகிறவர்களும் வாடிக்கையாளர்கள்தானே என்பார்கள். சரிதான். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளாகிறார்கள், அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் கலிஃபோர்னியாவில் கடித்த நாயின் சொந்தக்காரர்தான் முதலில் பொறுப்பாளி. அதற்கு முன் அது யாரையும் கடித்ததில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது. குட்டையான வாரில் பிடித்து நடத்தினாலே இந்தக் கவலையில் பெரும்பகுதி தீரும்.

உள்ளே விடுவதென்றால் அந்த இடம் நாய்க்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். இங்கே நிலையக்காரர்கள் பேசத் தயங்குவது எலி மருந்தைப் பற்றித்தான். சோபாவும் மெத்தையும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய இடத்தில் எலி வராமல் இருக்காது. அதனால் சுவரோரமாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகளில் மருந்து வைக்கிறார்கள். ரத்தத்தை உறையவிடாமல் கொல்லும் வீரியமான மருந்துகளை 2021 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியா பெரும்பாலான இடங்களில் தடுத்துவிட்டது. மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் மலைச் சிங்கமும் செத்ததுதான் காரணம். அந்த வகை மருந்தைத் தின்ற நாயைக் காலத்தில் கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். ஆனால் புரோமெத்தலின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. மூளையைத் தாக்கும், அதற்கு முறிவு மருந்து இல்லை. பெட்டி பூட்டியிருக்கிறதா, எந்த வரிசையில் எந்த மருந்து வைத்திருக்கிறது என்று நாயோடு வருகிறவருக்குச் சொல்வது நிலையத்தின் கடமை. கேட்டால் மட்டும் சொல்வது போதாது.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இன்னொரு ஆபத்து. பொத்தானை அமுக்கினால் நீளும் வார் வேண்டவே வேண்டாம். ஆள் உள்ளே, நாய் வெளியே என்று கதவு மூடிக்கொண்டால் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை. சிறுநீர் அடுத்த யூனிட்டுக்குள் வழிவது, நடைபாதை அசுத்தம் எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற விஷயங்கள்.

யூனிட்டுக்குள் நாயை அடைத்து வைப்பதை மட்டும் எந்தச் சமாதானத்தையும் கேட்காமல் தடுக்க வேண்டும். காருக்காவது கண்ணாடி உண்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும். தகர ஷட்டருக்குப் பின்னால் இருப்பது யாருக்கும் தெரியாது. காரில் வாழும் ஏழை மக்கள், இரவு தங்கப்போகும் காப்பகத்தில் நாய்க்கு இடமில்லாதபோது இதைச் செய்துவிடுவது உண்டு. யூனிட்டில் மனிதர் குடியிருப்பதைக் கலிஃபோர்னியச் சட்டம் தடை செய்கிறது. நாயை வைப்பதற்கும் அதே தடையை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்போது பல நிலையங்களில் ஆளே இல்லை. கேட்டில் எண்ணை அழுத்தினால் திறக்கிறது, வாடகையை இயந்திரத்தில் கட்டலாம், எங்கோ தொலைவில் ஒருவர் பத்து இடங்களின் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே தடைப் பலகை மட்டும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நாயைக் காரில் பூட்டிப் போகிறவரைத் தடுக்க ஒருவர் இல்லை, கண்ணாடியை உடைக்க ஒரு வழிப்போக்கரும் இல்லை, ஏனென்றால் கேட்டுக்கு உள்ளே வழிப்போக்கர் வர முடியாது. ஆளில்லாத நிலையம் நடத்துகிறவர்கள் தடையை எடுத்துவிட்டு, ஆறடி வாரில் பிடித்து உள்ளே கூட்டிப் போகலாம் என்றும் காரில் விடக் கூடாது என்றும் பலகை வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒன்று, நிழலுக்கு ஒரு தாழ்வாரம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

ஆகஸ்டில் தங்கை வேறு நிலையத்துக்கு மாறிவிட்டாள். தூரம் கூடுதல், வாடகையும் கூடுதல். அங்கே ஒப்பந்தத்தில் நாய்க்கென்றே அரைப் பக்கம் இருந்தது. மேஜையிலிருந்த பெண்மணி நாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மருந்துப் பெட்டிகள் பின்சுவர் வரிசையில் இருக்கின்றன, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார். புறங்கையைத் தார்த்தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியாவிட்டால் நிழல் ஓரமாகவே கூட்டிப் போங்கள் என்றார்.

தங்கை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பெட்டிகளுக்கு நடுவே போனாள். வாரைப் பிடித்துக்கொண்டு நான் தாழ்வாரத்தில் நின்றேன். குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த லேப்ரடார், சிமென்ட் தரையில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டது. அன்றைக்குத் தேடிய பிரஷர் குக்கர் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.