ரஹ்மான் என்றழைத்தேன், மூவர் எழுந்தனர்

மாறுதலாகி வந்த புதிய பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. பெயர்களை மனத்தில் பதியவைத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்த முதல் வாரம். “ரஹ்மான், கரும்பலகையைத் துடைத்துவிடுப்பா” என்றேன். மூன்று பேர் எழுந்து நின்றார்கள். வகுப்பே சிரித்தது.

“மூன்று பேரும் ஒரே குடும்பமா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இவன் ஹபீபுர் ரஹ்மான், அவன் முஜீபுர் ரஹ்மான், நான் அப்துர் ரஹ்மான்” என்றான் கடைசி வரிசை மாணவன்.

குழப்பம் தீர நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹபீப், முஜீப், அப்துல். அன்று முதல் அவர்கள் எனக்கு அப்படித்தான். நானும் மற்ற ஆசிரியர்களும் அழைப்பதைக் கேட்டு வகுப்பு நண்பர்களும் அவனை ‘அப்துல்’ என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். இதில் பிழை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மறு ஆண்டு அவன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கப் பெற்றோரை வரவழைத்தோம். அவனுடைய அம்மா பட்டியலை இரண்டு முறை பார்த்தார். பிறகு தயக்கத்தோடு கேட்டார்: “சார், பையன் பேரு அப்துல்னும் இனிஷியல் ‘ஆர்’னும் போட்டிருக்கு. இவங்க அத்தா பேரு காதர் மைதீன். ‘ஆர்’ எங்கேருந்து வந்துச்சு?”

எப்போதோ, யாரோ கணினியில் பதிவேற்றும்போது பெயரை இரண்டாக வெட்டி, ‘அப்துல்’ என்பதைப் பெயராகவும் ‘ரஹ்மான்’ என்பதைத் தலைப்பெழுத்தாகவும் ஆக்கிவிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் நானும் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. போகும்போது ஒன்று சொன்னார்: “அப்துல்னா ‘அடிமை’ன்னு அர்த்தம் சார். யாருக்கு அடிமைன்னு அடுத்த வார்த்தைலதான் இருக்கு. அதை வெட்டிட்டா பேரே இல்லையே.”

தமிழாசிரியனான எனக்கு அந்தச் சொற்கள் தைத்தன. அன்று தொடங்கித் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ரஹ்மான்: ஒரு சொல்லின் பொருள்

‘ரஹ்மான்’ என்பது இஸ்லாமிய மரபு இறைவனுக்குரியதாகக் கூறும் தொண்ணூற்றொன்பது அழகிய பெயர்களுள் ஒன்று. ‘அளவில்லாத அருளாளன்’ என்பது பொருள். அரபு மொழியில் ‘ர-ஹ-ம’ என்ற மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து இச்சொல் பிறக்கிறது. இரக்கம் என்னும் பொருள்படும் ‘ரஹ்மத்’, ‘ரஹீம்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவைதாம். தாயின் கருப்பையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் இவ்வேரைச் சேர்ந்ததே. எபிரேய மொழியிலும் கருப்பைக்கும் இரக்கத்துக்கும் ஒரே வேர். தாய் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பரிவும் இறைவனின் அருளும் ஒரே வேர்ச்சொல்லில் பிணைந்திருப்பது எனக்கு வியப்பைத் தந்தது.

குர்ஆனில் 114 அத்தியாயங்கள் உள்ளன. ஒன்பதாம் அத்தியாயம் நீங்கலாக மற்றவை அனைத்தும் இறைவனை ‘ரஹ்மான்’, ‘ரஹீம்’ என்னும் இரு பெயர்களால் போற்றியே தொடங்குகின்றன. 55ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அர்ரஹ்மான்’. முஸ்லிம் வீடுகளில் உணவு உண்ணும்போதும், பயணம் புறப்படும்போதும், எழுதத் தொடங்கும்போதும் சொல்லும் ‘பிஸ்மி’யில் இந்த இரு பெயர்களும் உண்டு. அந்த மூன்று மாணவர்களும் தம் பெயரின் பகுதியைப் பேசப் பழகிய வயதிலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

இவ்விரு பெயர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘ரஹீம்’ என்ற அடைமொழியை மனிதருக்கும் பயன்படுத்தலாம். ‘ரஹ்மான்’ இறைவனுக்கு மட்டுமே உரியது என்பது மரபு. ஆகவே மனிதருக்குப் பெயர் சூட்டும்போது அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். அப்துர் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடியான். ஹபீபுர் ரஹ்மான் அருளாளனின் அன்புக்குரியவன். கலீலுர் ரஹ்மான் அருளாளனின் தோழன். பஸ்லுர் ரஹ்மான் அருளாளனின் கொடை. ஸியாவுர் ரஹ்மான் அருளாளனின் ஒளி. இறைவனுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு நபிமொழி உண்டு. உலகெங்கும் இப்பெயர் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘அடியான்’ என்று பெயர் சூட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. ராமதாஸ், யேசுதாஸ், சிவனடியான் ஆகிய பெயர்களிலும் இதே பணிவுதான் இருக்கிறது. ஆனால் யேசுதாசைத் ‘தாஸ்’ என்று சுருக்கினால் ‘அடியான்’ என்ற முழுச்சொல்லாவது மிஞ்சும். ‘அப்துல்’ என்று நிறுத்தினால் தொடர் அந்தரத்தில் நிற்கிறது. ‘அப்த்’ என்பது அடியான். ‘உல்’ என்பதில் வேற்றுமை ஈறும் அடுத்த சொல்லோடு சேர வேண்டிய முன்னொட்டும் கலந்திருக்கின்றன. அந்த அம்மா சொன்னது இலக்கணப்படியும் சரி.

அப்துலா, அப்துரா?

பதிவேட்டில் ‘அப்துல் ரஹ்மான்’, ‘அப்துர் ரஹ்மான்’ என இரண்டும் காணப்படுகின்றனவே, எது சரி என்று ஓர் ஆசிரியை கேட்டார். இதற்கு விடை நன்னூலை ஒட்டியே கிடைக்கிறது.

அரபு எழுத்துகள் 28. அவற்றுள் 14 ‘சூரிய எழுத்துகள்’, 14 ‘சந்திர எழுத்துகள்’. ‘அல்’ என்னும் முன்னொட்டுக்குப் பின் சந்திர எழுத்து வந்தால் ‘ல்’ அப்படியே ஒலிக்கும். அதனால் அப்துல் காதர், அப்துல் கரீம், அப்துல் ஹமீது. சூரிய எழுத்து வந்தால் ‘ல்’ அந்த எழுத்தாகவே திரிந்துவிடும். அதனால் அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம், அப்துன் நாசர்.

நல் + நூல் = நன்னூல் என்று நாம் கற்பிக்கிறோம் அல்லவா? அப்துல் + நாசர் = அப்துன் நாசர் என்பதிலும் லகரம் நகரத்துக்கு முன் திரிகிறது. புணர்ச்சி விதியை நடத்தும்போது இதை எடுத்துக்காட்டினேன். மொழி வேறானாலும் நாவின் இயல்பு ஒன்றுதான் என்பதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

எழுதும்போது ‘அப்துல் ரஹ்மான்’ என்பதும் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. ‘ஹ’ என்ற கிரந்த எழுத்தைத் தவிர்த்து ‘ரகுமான்’ என்பாரும், ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பதால் ‘இரகுமான்’ என்பாரும் உண்டு. எதுவும் தவறன்று. பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுவே அந்தக் குழந்தையின் பெயர். நம் விருப்பப்படி ‘திருத்த’ நமக்கு உரிமையில்லை.

குடும்பப் பெயரா, இயற்பெயரா?

பிற நாட்டுச் செய்திகளில் ‘திரு. ரஹ்மான்’ என்று படிக்கும்போது, அது குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். சில வீடுகளில் அப்படித்தான். பல வீடுகளில் அப்படியில்லை.

வங்கதேசத்தின் தந்தை எனப்படும் ஷேக் முஜிபுர் ரஹ்மானை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை ஷேக் லுத்ஃபுர் ரஹ்மான். மகள் ஷேக் ஹசீனா. ‘ரஹ்மான்’ மகளுக்கு வரவில்லை. தொடர்ந்து வந்தது ‘ஷேக்’தான். அதே நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஸியாவுர் ரஹ்மானின் மனைவி காலிதா, கணவர் பெயரின் முன்பாதியை ஏற்று காலிதா ஸியா ஆனார். மகன் தாரிக் ரஹ்மான் பின்பாதியை வைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் ரஹ்மான் பெரும்பாலும் இயற்பெயரின் பகுதி. தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்பதில் முதல் மூன்றும் முன்னோர் பெயர்கள். அவரது பெயர் ‘அப்துல் கலாம்’ என்னும் இரு சொற்களும் சேர்ந்ததே. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. மகள் கதீஜா ரஹ்மான் தந்தை பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார். மகன் ஏ.ஆர். அமீன் அதைத் தலைப்பெழுத்துகளாக முன்னால் வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரு முறைகள்!

வகுப்பறைக்குச் சில ரஹ்மான்கள்

இப்பெயரைத் தாங்கியோரின் வாழ்க்கை பல பாடங்களுக்குப் பயன்படும்.

அறிவியல் ஆசிரியருக்கு அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி. பத்தாம் நூற்றாண்டின் பாரசீக வானியலர். 964 அளவில் அவர் எழுதிய விண்மீன் நூலில், இன்று ஆண்ட்ரோமீடா விண்மீன் பேரடை எனப்படுவதை ‘சிறு மேகம்’ எனக் குறித்திருக்கிறார். தொலைநோக்கி வருவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வெறுங்கண்ணால் கண்டது அது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

கணித ஆசிரியருக்கு பஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்த கட்டமைப்புப் பொறியாளர். கட்டடத்தின் புறச்சுற்றையே ஒரு குழாய்போல வலுவாக்கி, காற்றின் விசையை அதன்மீது ஏற்றும் முறையை உருவாக்கியவர். சிகாகோவில் 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட சியர்ஸ் கோபுரம் அம்முறையில் எழுந்தது. அவருடைய தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர், பாடநூலும் எழுதியவர் என்பதை நம் ஆசிரியர் குலம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சமூக அறிவியல் ஆசிரியருக்கு, 756இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மானும், 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மானும் உண்டு.

தமிழாசிரியருக்குக் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). மதுரையில் பிறந்து, வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். ‘பால்வீதி’ தந்தவர், ‘ஆலாபனை’ தொகுப்புக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்.

கலை ஆர்வமுள்ள குழந்தைகளுக்கு, செங்கல்பட்டில் பிறந்து இந்தித் திரையில் புகழ்பெற்ற வஹீதா ரஹ்மானும், திலீப்குமாராகப் பிறந்து ரஹ்மான் என்ற பெயரைத் தாமே ஏற்று, 2009இல் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற இசைக்கலைஞரும் இருக்கிறார்கள். வஹீதாவுக்கு இப்பெயர் தந்தை வழி வந்தது. இசைக்கலைஞர் அதைத் தேர்ந்துகொண்டார்.

நாம் செய்யக்கூடியவை

இந்த அனுபவத்துக்குப் பின் நான் கடைப்பிடிக்கும் சில நடைமுறைகள்:

சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பெயரை எழுதுகிறேன். பெற்றோரிடம் “குழந்தையின் பெயர் எது, தந்தை பெயர் எது?” என்று தனித்தனியே கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன்.

இரு சொற்களாலான பெயரின் ஒரு சொல்லைத் தலைப்பெழுத்தாக்குவதில்லை. எமிஸ் பதிவில் உள்ளதும் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே ஒப்பிட்டுவிடுகிறேன். சான்றிதழில் அச்சேறிய பிழையைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டியிருக்கும் என்பதை நாம் அறிவோம்.

“உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?” என்று குழந்தையிடமே கேட்கிறேன். நானாக எந்தப் பெயரையும் சுருக்குவதில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் ‘என் பெயரின் கதை’ என்ற செயல்பாட்டை நடத்துகிறேன். பெயரை யார் வைத்தார்கள், பொருள் என்ன என்று வீட்டில் கேட்டுவந்து விரும்புவோர் சொல்லலாம். ‘விரும்புவோர்’ என்பது இங்கே முக்கியம். அடுத்தும் பெண் பிறக்கக் கூடாதென்று ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ எனப் பெயர் வைக்கப்பட்ட சிறுமிகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பிக் கதை சொல்லச் சொல்வது கொடுமையாகிவிடும்.

அந்த மாணவனின் பெயர் உரிய நேரத்தில் திருத்தப்பட்டது. தந்தையின் தலைப்பெழுத்தும் தன் இடத்துக்கு வந்தது. அடுத்த நாள் வருகைப் பதிவின்போது “அப்துர் ரஹ்மான்” என்று முழுமையாக அழைத்தேன். எப்போதும்போல “உள்ளேன் ஐயா” என்றுதான் சொன்னான். பதிவு முடிந்து அமர்ந்த பிறகு, பக்கத்தில் இருந்தவனிடம் அவன் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “சாருக்கு இப்பதான்டா என் பேரு தெரியும்.”

ஒன்றரை ஆண்டு தாமதம். நாளை காலை பதிவேட்டைத் திறக்கும்போது, அதில் பாதியாக நிற்கும் பெயர் ஏதும் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.